ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

பொம்மை வீட்டுப் பொருட்கள் செய்கிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. உண்மைப் பொருளில் ஓர் அடி என்றால் பொம்மையில் ஓர் அங்குலம். அதாவது பன்னிரண்டில் ஒன்று. புதுடில்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்யன்ஸ்தான் இங்கிலாந்தின் மேரி அரசிக்கு ஒரு பொம்மை வீடும் வடிவமைத்தார். 1921 முதல் 1924 வரை செய்து முடித்து, இப்ப வின்ட்சர் கோட்டையில் இருக்கு. அதுவும் இதே அளவுதான். அதில் தண்ணீர் வரும் குழாய், மின்விளக்கு, மேலே கீழே போகிற லிப்ட் எல்லாம் உண்டு. என்னட்ட இருப்பது ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் ஒரு தச்சுக் கொட்டில்.

உண்மையான கொட்டில் கிளிநொச்சியில், எங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கு. அப்பா தச்சு வேலை. வீட்டுத்திட்டங்கள் வந்த காலத்தில் கதவு, யன்னல், நிலை என்று முதிரையும் வேம்பும் பாலையும் கொட்டில் நிறையக் கிடக்கும். 2022இல் எல்லாம் நின்றது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டீசல் இல்லை, மரம் ஏற்ற லொறி இல்லை, வீடு கட்டுகிற ஆட்களும் இல்லை. முதல்ல கரண்ட் சீவுளி போனது. பிறகு கை ஆயுதங்கள் பெட்டியோட போயின. அந்தக் காசில்தான் நான் கம்பசுக்கு வந்தேன். இப்ப அப்பா இன்னொருவரின் பட்டறையில் நாள் சம்பளத்துக்கு, இன்னொருவரின் உளியால வேலை செய்கிறார்.

வித்ததைப் பற்றி வீட்டில் ஒருத்தரும் கதைப்பதில்லை. கதை அந்தப் பக்கம் திரும்பினால் அம்மா தேத்தண்ணி போட எழும்பிவிடுவா. அதனால் நானும் அதைக் கேட்கவில்லை. ஃபோனில் அளவு மட்டும் கேட்டேன்.

"அப்பா, உங்கட பெரிய வாள் எத்தின அங்குலம்?"

"கைவாளோ? 26. ஏன் பிள்ளை?"

"சும்மா. ஒண்டு செய்யிறன்."

26ஐப் பன்னிரண்டால் பிரித்தால் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. சென்றிமீற்றரில் ஐந்தரை. சோடா டின் தகரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினால் அலகு வந்துவிடும். பிடிக்கு ஐஸ்கிறீம் குச்சி. பல்லுத்தான் கரைச்சல். அப்பாவின் வாளில் அங்குலத்துக்கு எட்டுப் பல். பன்னிரண்டு மடங்கு சின்னதாக்கினால் ஓர் அங்குலத்துக்குள் 96 பல் வெட்ட வேண்டும். கையால ஆகாத காரியம். நகவெட்டியில் இருக்கிற அரத்தால விளிம்பை உராய்ந்து விட்டால், தூரத்தில் பார்க்கப் பல் மாதிரித் தெரியும். அவ்வளவுதான் செய்யலாம்.

சுத்தியல் இலகு. பல்லுக்குத்துகிற குச்சி இரண்டு மில்லிமீற்றர் மொத்தம். பன்னிரண்டால் பெருக்கினால் 24 மில்லிமீற்றர், ஒரு சின்னச் சுத்தியல் பிடியின் மொத்தம். ஓர் அங்குலத்தில் வெட்டினால் ஓர் அடிப் பிடி. தலைக்குக் கடதாசிக் கீலத்தை பைண்டர் கம் பூசி இறுக்கிச் சுருட்டி, காய முதல் ஊசியால ஓட்டை போட வேண்டும். கறுப்புப் பெயின்ற் அடித்து, அதன் மேல் பென்சில் கரியை விரலால தேய்த்துப் பாருங்கோ. இரும்பு என்று சத்தியம் பண்ணலாம். உளிக்கு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை அடித்துத் தட்டையாக்கினால் சரி. ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலே அகலம் வந்தால் அது முக்கால் அங்குல உளி. மண்வெட்டிப் பிடிக்கு ஈர்க்கு.

சீவுளிக்கு மூன்று ஐஸ்கிறீம் குச்சித் துண்டை ஒன்றன் மேல் ஒன்று ஒட்டினேன். அலகு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க, அப்பா அன்றைக்குத்தான் நீளமாகக் கதைத்தார்.

"45 பாகையில சாய்ச்சு வை பிள்ளை. ஓட்டத்துக்கு எதிரா இழைக்கக் கூடாது, மரம் கிளம்பும். முதிரை எண்டா ஓட்டம் மாறி மாறி வரும், அதுக்கு அலகைக் கொஞ்சமா வெளிய விடோணும்."

வித்த சீவுளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கதை முழுக்க அந்தச் சீவுளிதான்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீயைப் பற்றி வாசித்தேன். அமெரிக்கப் பெண். விவசாய இயந்திரங்களில் பணம் சேர்த்த குடும்பம். 1940களில், சந்தேக மரணங்கள் நடந்த அறைகளைப் பன்னிரண்டில் ஒன்று அளவில் செய்து, அவற்றை வைத்துப் பொலிசாருக்குப் பயிற்சி கொடுத்தார். பொம்மைகளின் காலுறையைக் குண்டூசியால பின்னினார். அதில் 18 அறைகள் இப்பவும் பால்டிமோரில் இருக்கு. தடயவியல் படிக்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரியும். அந்த அறைகளின் கதவு, யன்னல், மேசை செய்தவர் ரால்ஃப் மோஷர் என்கிற தச்சர். அவருடைய பெயரைக் கண்டுபிடிக்க நான் கொஞ்சம் தேட வேண்டி இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "ஓம், அப்பிடித்தான்" என்றார். "நிலை ஆர் போட்டது எண்டு வீட்டுக்காரரிட்ட ஆர் கேக்கிறது?"

பெட்டியைப் பார்த்த நண்பர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இன்ஸ்டாவில் போட்டு வித்தால் நல்ல விலை போகும் என்றார்கள் சிலர். கலைப்பீடத்து ஆட்கள், நினைவு, மரபு, கைவினை என்று ஒரு கண்காட்சிக்கே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கும், இரண்டிலும் ஆசையும் உண்டு. ஆனால் லீவுக்குப் போய் அப்பாவின் உள்ளங்கையில் சீவுளியை வைத்தபோது அவர் கேட்டது வேறு. திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால அலகைத் தட்டினார். "வடிவா இருக்கு. இதால என்ன செய்யலாம்?"

பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. ஒரு தொழிலை வடிவான சின்னப் பொருளாக்கி ரசிப்பது எங்களுக்குச் சுகம். அந்தத் தொழில் செய்கிறவருக்கு வெட்டுகிற வாள்தான் தேவை. சப்பாத்துப் பெட்டியில் பதினொரு ஆயுதம் இருக்கு. கொட்டிலில் ஒன்றும் இல்லை. இந்தப் பெட்டியை எங்கேயாவது காட்சிக்கு வைத்தால் பக்கத்தில் இந்த இரண்டு வசனத்தையும் எழுதி வைப்பேன். வித்தால், அந்தக் காசு எதற்கு என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹாட்வெயார் கடையில் முக்கால் அங்குல உளியின் விலையை விசாரித்து வைத்திருக்கிறேன்.

இப்ப செய்துகொண்டிருப்பது ரசமட்டம். இரண்டு அடி, அதாவது இரண்டு அங்குலம். முடிந்த பேனை ரியூப்பைக் கழுவி, தண்ணீர் விட்டு, உள்ளே ஒரு குமிழியும் வைத்துவிட்டேன். குமிழி அசையுதே இல்லை. ரியூப் அவ்வளவு ஒடுக்கம், தண்ணீர் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. தச்சனும் பொம்மைக்காரியும் எல்லாவற்றையும் சின்னதாக்கலாம், தண்ணீர் சின்னதாக மாட்டுதாம். நேற்று இதைச் சொல்ல, அப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்:

"சவர்க்காரத் தண்ணி ஒரு துளி விட்டுப் பார். இல்லாட்டி நாளைக்குப் பட்டறையில ஆரிட்டையும் கேட்டுச் சொல்லுறன்."