பினியனும் ஸ்பிரிங் தராசும்

சிம்மக்கல்லில் வைகைப் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது பாயின் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது; வாசலில் எப்போதும் ஒரு ஜீப்போ ஜிப்ஸியோ நிற்பதுதான் அடையாளம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். டிஃபரன்ஷியலைப் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். தேர்வில் அது பெரிய மதிப்பெண் கேள்வி. ஆனால் அதை ஆக்ஸிலிலிருந்து இறக்கிக் கையில் ஏந்தியதில்லை. அவ்வளவு கனக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லியிருக்கவில்லை.

பாயிடம் வருபவை பெரும்பாலும் போடி, கொடைக்கானல் பக்கத்து எஸ்டேட் ஜீப்புகள். இடையிடையே, மண் தடத்தில் பந்தயம் ஓட்டும் சிலரும் வருவார்கள். ஜவுளிக்கடைக்காரர், குவாரி கணக்கு எழுதுபவர் என்று எல்லாருமே ஞாயிற்றுக்கிழமை வீரர்கள். தமிழ்நாட்டில் இந்த வித்தைக்குத் தலைநகரம் கோயம்புத்தூர்தான். கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அங்கே செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் பந்தயத் தடமே இருக்கிறது. மதுரையில் அப்படி எதுவும் இல்லை. எங்களுக்கு வாய்த்தவை வறண்ட கண்மாய்களும் பாயின் கையும்தான்.

நான் தொழில் படித்தது ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு ஜிப்ஸியில். மாருதி 1985இல் கொண்டுவந்த வண்டி. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை. முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், பின்னால் ஒன்று. நடுவில் எதுவும் இல்லை. அந்த இல்லாமையை எனக்குப் புரியவைத்தது கோரிப்பாளையம்.

ஒரு நாள் நான்கு சக்கர லீவரைப் போட்டபடியே தார் ரோட்டில் வண்டியை எடுத்து வந்தேன். கோரிப்பாளையம் திருப்பத்தில் ஸ்டீயரிங் என்னோடு மல்லுக்கட்டியது, டயர்கள் கீச்சிட்டன. பட்டறை வாசலில் நிறுத்தி லீவரை இழுத்தால் அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். பாய் வெளியே வந்தார்.

“டேய், இழுக்காத. ரிவர்ஸ் போட்டு ரெண்டடி பைய எடு.”

எடுத்தேன். லீவர் தானாக வந்து விழுந்தது.

வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் இருந்தால் அந்த வேறுபாட்டை அது விழுங்கிவிடும். இல்லாத வண்டியில் இரண்டு ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டும். தாரில் வழுக்க இடமில்லை. மிச்சமெல்லாம் ஷாஃப்டுகளில் முறுக்காகச் சேரும். நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தது அந்த முறுக்கைத்தான். பிறகு சிம்மக்கல் மைய நூலகத்தில் தேடி வாசித்தேன். 1980இல் வந்த ஆடி குவாட்ரோவில் நடு டிஃபரன்ஷியலும், வேண்டும்போது அதைப் பூட்ட வழியும் இருந்ததாம். நான்கு சக்கர இயக்கம் காட்டுக்கும் தோட்டத்துக்கும்தான் என்றிருந்த ராலி உலகம் அதன் பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டது. இதைப் பாயிடம் சொன்னேன். “சரி, நம்ம வண்டியில இல்லைல்ல? அப்ப மண்ணுல மட்டும் போடு” என்றார்.

நான் அதிகம் தோற்றது பின் டிஃபரன்ஷியலைச் சேர்ப்பதில். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை வாங்கும் சின்னப் பல் சக்கரம் பினியன். அது திருப்பும் பெரிய சக்கரம் கிரவுன் வீல். பினியன் இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய உலோகக் குழாய் ஒன்று, பட்டறைப் பேச்சில் ஸ்லீவ். முன் நட்டை முறுக்கும்போது ஸ்லீவ் நசுங்கும். பேரிங்குகள் நெருங்கி, அளவான இறுக்கம் கிடைக்கும். அளவு தாண்டி நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை. நசுங்கியது நிமிராது. எல்லாவற்றையும் கழற்றிப் புது ஸ்லீவ் போட வேண்டும்.

ஆரம்பத்தில் பினியனைப் பிடித்து அசைத்தால் டக் டக்கென்று ஆட்டம் தெரியும். நீண்ட ஸ்பேனரில் முழு உடம்பையும் போட்டால்தான் ஸ்லீவ் நசுங்கத் தொடங்கும். ஆனால் ஆட்டம் தீரும் இடத்துக்கும் இறுக்கம் மிஞ்சும் இடத்துக்கும் நடுவில் ஸ்பேனர் ஒரு விரற்கடைகூட நகராது. முழு பலத்தில் தள்ளிக்கொண்டிருப்பவன் அந்த விரற்கடையில் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. தாண்டித் தாண்டிப் போனேன். நான் கெடுத்த ஸ்லீவ்களைப் பாய் குப்பையில் போடவில்லை. ஒவ்வொன்றாக என் டூல் பெட்டியிலேயே போட்டுவைத்தார். ஸ்பேனர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவைதான் முதலில் கையில் இடறும்.

அளப்பதற்கு எங்களிடம் இருந்தது மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு. பினியன் முகப்பில் நூலைச் சுற்றி, தராசின் கொக்கியில் மாட்டி, சீராக இழுக்க வேண்டும். சுழலத் தொடங்கும் அந்த ஒரு வெட்டை விட்டுவிட்டு, சுழன்றுகொண்டிருக்கும்போது முள் காட்டுவதைப் படிக்க வேண்டும். நான் வெட்டைப் படித்துவிட்டு, இறுக்கம் வந்துவிட்டதென்று நின்ற நாட்களும் உண்டு. அப்போது பாய் பினியனை ஒரு சுற்றுச் சுற்றுவார். “இன்னும் ஆடுது” என்பார். எனக்கு ஆட்டமே தெரியாது.

“நட்டைக் கொஞ்சம் தொடு. ஸ்பேனரைக் கீழ வையி. கையால சுத்திப் பாரு. மறுபடி தொடு” என்பதுதான் அவர் பாடம் முழுவதும். ஸ்பேனரைக் கீழே வைப்பது எனக்கு நேர விரயமாகத் தெரிந்தது. அதைப் பழகியபின் ஒரு மாலையில் நூலை இழுப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்தது. ஆட்டம் இல்லை, உராய்வும் இல்லை, கெட்டித் தயிரில் கரண்டியைச் சுழற்றுவதுபோல ஒரே சீரான தடை. தராசும் அதையே சொன்னது. பாய் என்னைப் பாராட்டவில்லை, அடுத்த வேலையைச் சொன்னார்.

அடுத்த வேலை பல் தடம். கிரவுன் வீல் பற்களில் சிவப்பு ஈயப் பசையைத் தடவிச் சுற்றினால், பினியன் எங்கே உரசுகிறதோ அங்கே பசை விலகும். அந்த அடையாளம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பற்களுக்கிடையே மயிரிழை இடைவெளியும் வேண்டும். அதை டயல் கேஜ் காட்டும். இடைவெளியைச் சரியாக வைத்த சந்தோஷத்தில், தடம் பல்லின் அடிப்பக்கம் விழுந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஒத்தக்கடை ரோட்டில் அறுபதைத் தொட்டதும் பின்னால் ஊளைச் சத்தம் கிளம்பியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றது. மிதித்தால் மறுபடியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். “பினியன் ரொம்ப உள்ள போயிருக்கு. ஷிம்மை மாத்து” என்றார். ஷிம் என்ற அந்த மெல்லிய தகட்டை மாற்ற வேண்டுமானால் பினியனை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் மறுபடி புது ஸ்லீவ்.

பந்தயத்துக்கு இன்னொரு சிக்கல். சாதாரண டிஃபரன்ஷியல், பிடி இல்லாத சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டு மற்றதைத் தூங்கவைத்துவிடும். செலவில்லாத வழி, உள்ளே இருக்கும் ஸ்டார் கியர்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது. பாய் அதற்கு ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. தட்டுகளின் உராய்வால் சுழற்சி வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் வகையைத்தான் போடச் சொல்வார். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, மற்றதைத் தரையில் வைத்து, டார்க் ரெஞ்சால் திருப்பினால் தட்டுகளின் இறுக்கம் தெரியும். நான் கெட்டியாக வைத்தேன். கெட்டியாக இருந்தால் வேகம் என்று எண்ணம். திருமங்கலம் தாண்டிக் கரிசல் தரிசில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி வளைவைக் கண்டுகொள்ளாமல் நேரே வேலிக்கருவைக்குள் போனது. முள்ளெடுத்து முடித்ததும் இறுக்கத்தைக் குறைத்தோம்.

சஸ்பென்ஷனிலும் அதே புத்திதான். ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். கண்மாய்ப் பள்ளங்களில் டயர் தரையைத் தொட்ட நேரத்தைவிடத் தாவிய நேரம் அதிகம். காற்றில் இருக்கும் டயருக்கு எந்த டிஃபரன்ஷியலாலும் உதவ முடியாது. பட்டையைக் கழற்றி, மற்றவற்றின் துருவைத் தேய்த்துக் கிரீஸ் வைத்தபின்தான் சக்கரம் மண்ணைப் பின்தொடர்ந்தது. ஷேக்கில் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டேன். இறக்கியதும் ரப்பர் புஷ்கள் முறுகிய நிலையில் மாட்டிக்கொண்டன. வண்டி வழக்கத்தைவிட உயரமாக நின்றது. சில நாளில் புஷ்கள் கிழிந்தன. “வண்டி தன் கால்ல நிக்கும்போது முறுக்கணும்டா” என்று பாய் அன்றுதான் குரலை உயர்த்தினார். அவர் எளிதில் கத்துகிறவர் அல்ல.

மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்குச் சரியாக வரும் ஷாக் அப்சார்பர், கரிசலில் சரிவராது என்பதும் அப்படியே பிடிபட்டது. பானட் மூலையைக் கையால் அழுத்திவிட்டு, அது எழும் வேகத்தைப் பார்ப்பார் பாய். அந்த வேகத்தை இன்னும் என்னால் எண்ணில் சொல்ல முடியாது. தப்பாக இருந்தால் தெரிகிறது, அவ்வளவுதான்.

கோவைப் பக்கம் நடந்த ஓர் ஆட்டோகிராஸில் ஜவுளிக்கடைக்காரர் அந்த ஜிப்ஸியை ஓட்டினார். வகுப்பில் நடுவாக்கில் வந்தார். புழுதி படிந்த முகத்தோடு இறங்கியவர், “திருப்பினா திரும்புதுய்யா” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

மதுரை திரும்பியதும் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினோம். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மசி மட்டும் ஒட்டியிருந்தது. பல் உடைந்த சில்லு எதுவும் இல்லை. பாய் மசியை இரு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார், துணியில் துடைத்தார்.

“இது சரி தம்பி. முன்னாடி உள்ளதையும் திற. அதுல என்ன பண்ணி வச்சிருக்கேன்னு பாப்போம்.”