கடைசிப் பொத்தான்

எங்கள் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, புத்தி வளர்ச்சி குறைவு என்று தெரிந்துவிட்டால், லயமே கூடித் தாயின் பாவ புண்ணியத்தைக் கணக்கெடுக்கும். "என்ன பாவம் செஞ்சாளோ!" அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டுதான் அவள் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவாள், கொழுந்து எடுப்பாள். பிள்ளை காம்பராவுக்குள்ளேயே இருக்கும். எத்தனையோ லயங்களில் இதைப் பார்த்துவிட்டேன்.

விசேட கல்வி ஆசிரியரின் ஆன்மிகம் அந்தப் பழியை இறக்கிவைப்பதில் தொடங்குகிறது என்பேன். தாய்க்கு ஆறுதல் சொல்லி அதைச் செய்ய முடியாது. பிள்ளை தானாக ஒன்றைச் செய்வதை அவள் கண்ணால் காண வேண்டும்.

சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பாருங்கள். டீச்சர் பொத்தானைத் துளைக்குள் முக்கால்வாசி நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவார். முடித்தது பிள்ளை! அந்தச் சந்தோசம் முதல் நாளே கிடைத்துவிடுகிறது. அது கைவந்ததும் அதற்கு முந்திய படி, பிறகு அதற்கும் முந்தியது. இப்படிப் பின்னாலிருந்து முன்னாலே வரவர, டீச்சரின் கை விலகிக்கொண்டே போகும். சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். நேற்று வந்தது இன்று மறந்தும் போகும். முகம் சுளிக்காமல் இந்த ஆசிரியர்கள் மறுபடி தொடங்குகிறார்களே, பலன் கருதாத செயல் என்று கீதை சொல்வதை நான் விளங்கிக்கொண்டது அவர்களைப் பார்த்துத்தான்.

இந்தப் பணி நம் இலங்கைக்குப் புதிதல்ல. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்காக மேரி சாப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பாடசாலை இன்றும் இரத்மலானையில் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. மலையிலிருந்து இரண்டுமே தூரம். நாள் சம்பளத்தில் வாழும் தாய், பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு எத்தனை தடவை போய்ப் பார்க்க முடியும்? ஊனத்தைக் காரணம் காட்டி எந்தப் பாடசாலையும் பிள்ளையை மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே பக்கத்துப் பாடசாலையிலேயே இடம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

இந்த ஆசிரியர்களைத் தெய்வம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. தெய்வமாக்கிவிட்டால் நமக்கு வேலையில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். அவர்களுக்குக் கால் வலிக்கும், அலுப்பு வரும். வட்டவளை மழையில் படியேறி லயத்துக்கு வருபவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். டீச்சர் காட்டிக்கொடுத்ததை வீட்டிலும் செய்யுங்கள். அவசரத்தில் பொத்தானை நீங்களே போட்டுவிடாதீர்கள்.