முன்கால், பின்கால்

சக்கரத்திற்குத் தமிழில் 'கால்' என்றும் ஒரு பெயர் உண்டு. திகிரி, நேமி, ஆழி என்று வேறு பெயர்கள் இருந்தாலும் எனக்குப் பிடித்தது இந்தக் கால்தான். வண்டியை ஒரு விலங்காகப் பார்த்தவர் யாரோ வைத்த பெயராக இருக்க வேண்டும். விலங்குகளுக்கு முன்காலும் பின்காலும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. முயலும் தவளையும் சாட்சி. வண்டிகளிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பழைய நான்கு சக்கரக் கோச்சு வண்டிகளில் முன்சக்கரங்கள் சிறியவை. திருப்பும்போது அவை வண்டியின் அடியில் நுழைந்துகொள்ள வேண்டும் என்பது காரணம். இழுப்பவை குதிரைகள் என்பதால் சக்கரங்கள் தத்தம் போக்கில் உருண்டன. சிறியதற்கு அதிகச் சுற்று, பெரியதற்குக் குறைந்த சுற்று. ஒன்றின் கணக்கை மற்றொன்று கேட்டதில்லை.

நான்கையும் ஒரே எந்திரம் சுழற்றத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

என் அக்காள் மகனுக்குச் சிறுமலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வாழையும் எலுமிச்சையும். ஒருகாலத்தில் அந்த மலையிலிருந்து விளைச்சலைக் குதிரைகளின் முதுகில் இறக்கினார்கள். இவன் குதிரைக்குப் பதிலாகப் பழைய வண்டி ஒன்றை வாங்கினான். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் 'ஆல் வீல் டிரைவ்' வகை. (பெயர் இங்கே வேண்டாம். பிழை வண்டியினுடையது அல்ல.) வாங்கிய மறுவாரமே பின்னால் இரண்டு பெரிய டயர்களை மாட்டவேண்டும் என்றான். பின்புறம் தூக்கி நின்றால்தான் வண்டிக்குக் கம்பீரமாம்.

முன்னால் இருந்தவை 215/65 ஆர் 16. பின்னால் போடுவதற்கு அவன் வாங்கி வைத்திருந்தவை 235/70 ஆர் 16. இந்த எண்களை வாசிப்பது ஒன்றும் கடினமில்லை. முதலாவது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்பது. மூன்றாவது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் முன்சக்கரத்தின் விட்டம் 686 மில்லிமீட்டர், பின்சக்கரத்தினுடையது 735. ஒரு கிலோமீட்டர் போக முன்சக்கரம் 464 முறை சுற்றவேண்டும். பின்சக்கரத்திற்கு 433 போதும்.

நாகல் நகரில் டயர்க் கடை வைத்திருக்கும் பாய் இந்தக் கணக்கையெல்லாம் போடவில்லை. மாட்டியிருந்த டயர் ஒன்றைக் கழற்றி, புதியதை அதன் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டிலும் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. ஒரே கோட்டிலிருந்து இரண்டையும் ஒரு முழுச் சுற்று உருட்டினார். பெரியது முக்கால் சாண் முந்திப் போய் நின்றது.

"ஒவ்வொரு சுத்துக்கும் இவ்வளவு சண்டை தம்பி. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது யாரு?" என்றார்.

நடுவில் இருப்பது ஒரு கப்ளிங். எண்ணெயில் மூழ்கிய பல தகடுகளின் அடுக்கு. சாதாரண நேரத்தில் தளர்ந்திருக்கும். முன்சக்கரங்கள் வழுக்கினால் தகடுகள் இறுகிப் பின்சக்கரங்களுக்கு விசையை அனுப்பும். வழுக்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் அதன் சுழற்சியை எண்ணும் உணரி ஒன்று இருக்கிறது. ஏ.பி.எஸ். பிரேக்குக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கும் அதே எண்கள்தாம் ஆதாரம். கணினிக்குச் சாலை தெரியாது, டயரின் அளவும் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால் அதன் அகராதியில் ஒரே பொருள்தான்: முன்னால் வழுக்குகிறது.

வளைவுகளில் சக்கரங்களின் வேகம் இயல்பாகவே மாறும் என்பதால் அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் நேரான சாலையில், காய்ந்த தாரில், நூற்றுக்கு ஏழு பங்கு வேறுபாடு ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? தகடுகளை இறுக்கும். இறுகியபின்னும் வேறுபாடு தீராது. அது வழுக்கலால் வந்ததல்லவே. தகடுகள் ஒன்றையொன்று அரைத்துச் சூடேறும். பாவு அவிழும் அளவும் துணி சுருளும் அளவும் ஒத்துப்போகாத தறியில் என்ன நடக்கும் என்பது நாகல் நகரின் சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களில் குழந்தைக்கும் தெரியும்.

அக்காள் மகன் விடவில்லை. கைபேசியில் ஒரு ஜெர்மன் வண்டியைக் காட்டினான். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, அதுவும் நான்கு சக்கர விசைதான், தொழிற்சாலையிலிருந்தே முன்னும் பின்னும் வேறு அளவில் டயர் போட்டு வந்தது. உண்மைதான். முன்னால் 275/40 ஆர் 20, பின்னால் 315/35 ஆர் 20. ஆனால் பெருக்கிப் பார்க்க வேண்டும். முன்டயரின் சுவர் உயரம் 110 மில்லிமீட்டர், பின்டயரினுடையது 110.25. அகலத்தில் 40 மில்லிமீட்டர் வேறுபாடு, உயரத்தில் கால் மில்லிமீட்டர். கண்ணுக்குப் பின்புறம் பருத்துத் தெரியும், சாலைக்கு நான்கும் ஒன்று. இந்த ஒரு நுட்பம் தெரியாமல்தான் பலரும் படத்தைப் பார்த்துக் கடைக்கு வருகிறார்கள்.

அடுத்து அவன் கேட்டது நல்ல கேள்வி. "அப்ப டிராக்டர் மட்டும் எப்படி பாய்?"

திண்டுக்கல்லைச் சுற்றிய சமவெளியில் நான்கு சக்கர விசை கொண்ட டிராக்டர்கள் உழுகின்றன. முன்சக்கரம் இடுப்பளவு, பின்சக்கரம் நெஞ்சளவு. அங்கே கப்ளிங் ஏன் வேகவில்லை? சக்கரங்களின் அளவைத் தீர்மானித்த பிறகே அதன் பற்சக்கரங்களை வடித்திருக்கிறார்கள் என்பது விடை. முன் இருசுக்குப் போகும் விகிதம் வேறு. சிறிய சக்கரம் அதிகமாகச் சுற்றவேண்டிய அளவை உள்ளே இருக்கும் பல்லே ஈடுசெய்துவிடும். அதற்கும் மேல், முன்சக்கரம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை முந்தி இழுக்கும்படி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். உழுத மண் இளகிக்கொடுப்பதால் அந்த மிச்சம் மண்ணிலேயே கரைந்துவிடும். தார்ச் சாலை இளகாது; ஆகவே சாலைக்கு வந்ததும் முன்விசையை விடுவித்துவிட வேண்டும். டிராக்டரிலும் முன்டயரை மட்டும் பெரிதாக்கினால் அதே சண்டைதான்.

பாய் மாட்ட மறுத்துவிட்டார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. அவன் வேறொரு நகரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்தான். அங்கே யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இருபது வயதுப் பையனிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்பது வேறு விஷயம்.

நத்தம் சாலையிலிருந்து பிரிந்து சிறுமலைக்கு ஏறும் வழியில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி மழையில் அவன் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். எச்சரிக்கை விளக்கு அடிவாரத்திலேயே எரிந்தது. பாதி மலையில், ஒரு வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கி வருகிறது. இவன் முடுக்கியை அழுத்துகிறான். வண்டி மூச்சை அடக்கிக்கொண்டது. முன்னால் வழுக்குவதாக முடிவுசெய்த டிராக்‌ஷன் கண்ட்ரோல் எந்திரத்தின் விசையைக் குறைத்திருக்கிறது. வழுக்காத சக்கரத்துக்குச் செய்த சிகிச்சை. கப்ளிங்கும் சூடு தாங்காமல் தன்னைத்தானே விடுவித்துக்கொண்டுவிட்டது. ஏற்றத்தில், ஈரத்தில், நான்கு சக்கர விசைக்காகவே வாங்கிய வண்டியில் அந்த நேரத்தில் இரண்டுக்கு மட்டும் விசை இருந்தது. பேருந்து ஓட்டுநர் நிறுத்திவிட்டார். அக்காள் அதைப்பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை; அந்த வண்டியில் அதன்பிறகு நெடுநாள் ஏறவும் இல்லை.

கப்ளிங் தப்பித்தது. எண்ணெய் மட்டும் கருகியிருந்தது.

திரும்பவும் பாய் கடைக்குத்தான் வந்தான். அவர் ஏளனமாக ஒரு சொல் சொல்லவில்லை. நான்கல்ல, ஐந்து டயர் வாங்கச் சொன்னார். புது டயரின் பள்ளம் எட்டு மில்லிமீட்டர் என்றால் ஓடித் தேய்ந்ததற்கு மூன்று இருக்கும். விட்டத்தில் பத்து மில்லிமீட்டர் போய்விட்டது. ஒன்று வெடித்து, அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டாலும் கணக்குப் பிசகும். சுபாரு நிறுவனம் தன் வண்டிகளுக்குச் சுற்றளவில் கால் அங்குலத்திற்கு மேல் வேறுபாடு ஆகாது என்று சொல்லியிருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்த் தேய்மானம். ஆகவே ஸ்டெப்னியும் மற்ற நான்கோடு சேர்ந்து தேயவேண்டும்.

பாய் ஐந்திலும் உட்புறச் சுவரில் மஞ்சள் நிறத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதினார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றவேண்டும் என்றார். போன மாதம் அக்காளும் அவனும் சிறுமலைக்குப் போகும்போது பார்த்தேன். ஐந்தாம் எண் பின்னால் இடப்பக்கம் இருந்தது.