எங்களுக்கு யார் லீவு விடுவது?

ஊருக்குப் பண்டிகை என்றால் சேரிக்கு வேலை. நான் அறிந்த நல்ல நாள் கணக்கு இதுதான். பொங்கலுக்கு முந்தின வாரமே எங்க அம்மா ஆண்டை வீட்டுக்குப் போய்விடும். மாட்டுக் கொட்டகை வாரணும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், களம் மெழுகணும். மாட்டுப் பொங்கலன்று அப்பா ஆண்டை மாடுகளை ஏரிக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசும். சாயங்காலம் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொள்ளும். கூலி கிடையாது. சோறும் மிச்சக் குழம்பும்தான். எங்க வீட்டில் பானை பொங்கும்போது இருட்டிப்போயிருக்கும். "நல்ல நாளும் அதுவுமா ஒரு நேரம் குந்த முடியுதா?" என்று அம்மா புலம்பும்.

நான் தையல்காரன். திண்டிவனம் பக்கத்தில் ஒரு டவுனில் பதினேழு வருசமாகக் கடை. மூணு மெஷின், ஒரு ஓவர்லாக், நம்ம காலனிப் பையன்கள் ரெண்டு பேர், காஜா பட்டனுக்கு ஒரு அக்கா. பேருக்கு முதலாளி.

ரெடிமேட் வந்தபிறகு தைத்துப் போடுகிற ஆள் குறைந்துபோச்சு. ஜூனில் பள்ளிக்கூட யூனிபாரம், தையில் முகூர்த்தம், தீபாவளிக்கு முந்தின ஒரு மாசம், இவ்வளவுதான் வரும்படி. ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் தூங்கும். வாடகையும் கரண்டு பில்லும் மெஷின் கடனும் தூங்காது. அந்த மாசங்களுக்கும் சேர்த்துத் தீபாவளியில்தான் சம்பாதிக்கணும். விடியவிடிய ஹெம்மிங், இஸ்திரி. வெளியில் வெடிச்சத்தம் கேட்கும்போது கடைசித் துணியை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் விழுவேன். எனக்குத் தீபாவளி என்றால் தூக்கம்.

இது எல்லாத் தையல்காரனுக்கும் உள்ள பாடுதானே என்று கேட்கலாம். இல்லை. அடுத்த தெருக் கடைக்காரர் குலதெய்வத்துக்கு என்று நாலு நாள் பூட்டினால், "பக்தியான மனுசன்" என்பார்கள். நான் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் பூட்டினேன். திறந்த அன்றைக்கு வாடிக்கைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "இவனுங்களுக்குக் கடை வெச்சுக் குடுத்தாலும் இப்பிடித்தான். கையில நாலு காசு சேந்தா பூட்டிட்டுப் போயிடுவானுங்க." எனக்கு எவனும் கடை வைத்துக் கொடுக்கவில்லை. அம்மா கம்மலும் சீட்டுப் பணமும்தான் முதல். பரம்பரையாக ஓய்வில்லாமல் வேலை வாங்கினவர்களுக்கு நாங்கள் உட்கார்ந்தால் சோம்பேறி. கடையில் தொங்குகிற பூட்டுக்கும் சாதி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் வருசத்துத் தமிழ்நாடு கடைகள் சட்டம், வேலை செய்கிறவனுக்கு வாரத்தில் ஒருநாள் முழு லீவு கொடுக்கச் சொல்கிறது. அதற்கு முன்னாடியே, 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை 1945இல் சட்டமாச்சு. வாரத்துக்கு 54 மணி நேர வேலை 1946இல் 48 ஆச்சு. ஓய்வு என்பது ஆண்டை மனசு வைத்துப் போடுகிற பிச்சை இல்லை, உழைக்கிறவன் உரிமை என்று எழுதிவைத்ததில் நம்ம ஆளுடைய கை இருக்கிறது.

அதனால் பையன்களுக்கும் அக்காவுக்கும் செவ்வாய்க்கிழமை லீவு. மே 1, ஏப்ரல் 14 கூலியோடு லீவு. எனக்கு? செவ்வாய்க்கிழமை பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு நான் மட்டும் உள்ளே தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அக்கா கேட்டது: "அந்த ஆண்டை போய், ஒனக்கு நீயே ஆண்டையா ஆயிட்டியா தம்பி?" வாடகையைச் சொன்னேன். "வாடகை தெரியாதா எனக்கு? முதுகு போச்சுன்னா எந்தக் கையால வாடகை குடுப்ப?" என்றது.

இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்னாடியே ஆர்டர் நிறுத்தம். முந்தின ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். ரெண்டு மூணு வாடிக்கை போச்சு. அந்த மாச வரும்படியும் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும் என்று வாயால் சொல்வது சுலபம். அதற்காக ஜூன் யூனிபாரத்தை மொத்தமாகப் பேசி எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் இன்னும் முழுசாக என் கைக்கு வரவில்லை. மாசத்தில் ரெண்டு கிடைக்கிறது.

ஏப்ரல் 14 அப்படியில்லை. அன்றைக்கு யார் வந்து கெஞ்சினாலும் மெஷின் ஓடாது. சித்திரை வருசப்பிறப்பும் பெரும்பாலும் அன்றைக்கே வருவதால், கட்டட ஓனர் எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "தம்பி, வருசப்பிறப்பு லீவுன்னு எழுதிப் போட்டுடு. நாலு பேரு வந்துபோற எடம், எதுக்கு வம்பு?"

சாக்பீஸை எடுத்துப் போர்டில் எழுதினேன்: "அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். கடை விடுமுறை."