கத்திச் சண்டைக்குக் கோனார் நோட்ஸ்

பழைய கம்ப்யூட்டர் கேம்னு பேச்சை எடுத்தாலே நம்ம மக்கள் ஆளாளுக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுவாங்க. டேவ், பிரின்ஸ், ரோட் ராஷ்... எல்லாரும் ஆடினதுதான். அதுல ஒரு சௌகரியம், இங்கிலீஷ் தேவையில்லை. ஓடு, குதி, உதை, அவ்ளோதான். ஆனா இன்னொரு ரகம் இருந்துச்சு. படிச்சு, யோசிச்சு, பேசி ஆடவேண்டிய ரகம். அட்வென்சர், ரோல் பிளேயிங்னு சொல்வாங்களே, அது. திருவேற்காட்டுல தமிழ் மீடியம் படிச்ச பசங்க கையில அது எப்படி மாட்டுச்சு, நாற்பது தாண்டி அதையே திரும்ப ஆடினா என்ன ஆகுதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

1999-ல நான் பதினொண்ணாவது. பூந்தமல்லியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், மணிக்கு 20 ரூபாய். ஓனர் அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து ஒரே சிடியில் ஐம்பது கேம் இருக்கிறதா வாங்கிட்டு வந்திருந்தார். அதுல ஒண்ணு 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. 1990-ல லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்டது. கடற்கொள்ளைக்காரன் ஆகணும்னு ஆசைப்பட்டு ஒரு தீவுல வந்து இறங்குற கைபிரஷ் த்ரீப்வுட்ங்கிற அப்பாவிப் பையனோட கதை.

ஐம்பதுல இது ஏன் பிடிச்சதுன்னா, காரணம் ரொம்ப சிம்பிள். இதுல சாவு கிடையாது. அந்தக் காலத்து சியர்ரா கம்பெனியோட 'கிங்ஸ் குவெஸ்ட்' மாதிரி கேம்ல படியில ஒரு அடி தப்பா வெச்சாலே ஆள் காலி. மங்கி ஐலண்டை எழுதின ரான் கில்பர்ட், ஆடுறவனைச் சும்மா சும்மா சாகடிக்கக் கூடாதுங்கிற கொள்கைக்காரர். கைபிரஷ் தண்ணிக்கடியில பத்து நிமிஷம் மூச்சடக்குவேன்னு பெருமை அடிச்சுக்குவான். அங்கே பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாத்தான் சாவான். மத்தபடி எவ்வளவு நேரம் முழிச்சாலும் கேம் காத்துக்கிட்டிருக்கும். மணிக்கணக்குல காசு கொடுக்குறவனுக்கு இதைவிட என்ன வேணும்?

சிக்கல் இங்கிலீஷ்தான். திரையின் அடிப்பகுதி முழுக்க வினைச்சொல்லா இருக்கும். திற, மூடு, தள்ளு, இழு, பேசு, கொடு... இதெல்லாம் ஓகே. ஆனா கதையில ஒரு ரப்பர் கோழி வரும், நடுவுல 'புல்லி' வெச்சது. புல்லின்னா என்னன்னு மூணு பேர் உட்கார்ந்து யோசிச்சோம். அந்த மூணு பேர் வீட்டுலயும் கிணறு இருந்துச்சு, கிணத்து மேல ராட்டினமும் இருந்துச்சு! கோழியைக் கம்பியில மாட்டிச் சறுக்கிக்கிட்டே அடுத்த தீவுக்குப் போகணும்னு ஒருநாள் தற்செயலாத்தான் தெரிஞ்சது.

இதுக்கெல்லாம் உச்சம், கத்திச் சண்டை. இந்தக் கேம்ல வாள் சுத்துறதுல ஜெயிக்க முடியாது, வாயாலதான் ஜெயிக்கணும். எதிராளி ஒரு வசவு விடுவான். நீ சரியான எதிர்வசவு விட்டா அவன் பின்வாங்குவான். போற வர்ற கொள்ளைக்காரனோட எல்லாம் மோதி, வசவையும் பதிலையும் கத்துக்கணும். நாங்க என்ன செஞ்சோம்? நாற்பது பக்க நோட்டுல கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்னு எழுதி, அப்படியே கடம் அடிச்சோம். கோனார் நோட்ஸ் பரம்பரையாச்சே!

உதாரணத்துக்கு ஒண்ணு. எதிராளி உன்னை மாடு மேய்க்கிற பால்காரன் மாதிரி சண்டை போடுறேன்னு திட்டுவான். பொருத்தம்தான், நீ மாடு மாதிரி சண்டை போடுறியேன்னு திருப்பிக் கொடுக்கணும். இங்கிலீஷ்ல அங்கே 'டெய்ரி'ன்னு இருக்கும். எங்க தெருவுக்குத் தெரிஞ்ச ஒரே டைரி, புது வருஷத்துக்கு எல்.ஐ.சி. ஏஜென்ட் கொடுக்கிறதுதான். டைரிக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? தெரியாது. மார்க் விழுது, போதும்.

அப்புறம்தான் வருது ஆப்பு. கடைசியில ஸ்வார்ட் மாஸ்டர்னு ஒரு அம்மணியோட மோதணும். அவங்க நோட்டுல இருக்குற எந்த வசவையும் விடமாட்டாங்க. எல்லாமே புது வசவு. ஆனா அதுக்குப் பொருந்துற பதில் மட்டும் நாம ஏற்கனவே கத்துக்கிட்டதுதான். உன் உடம்பு ரத்தத்தை ஒரு சொட்டு விடாம கறந்துடுவேன்னு அவங்க சொன்னா, அதே மாட்டுப் பதிலைப் போடணும். பப்ளிக் எக்ஸாம்ல ட்விஸ்ட் பண்ணிக் கேள்வி கேக்குறது மாதிரி. அர்த்தம் தெரிஞ்சாத்தான் ஜெயிக்கலாம். அதோட எங்க கேம் நின்னு போச்சு.

ரோல் பிளேயிங் கதை இன்னும் மோசம். 1998-ல வந்த 'பால்டர்ஸ் கேட்' அஞ்சு சிடி. எல்லாம் பகடைக் கணக்கு. கவசத்தோட நம்பர் குறையக் குறையத்தான் நல்லதுன்னு ஒரு விதி வேற. கையேடு இல்லாத சிடியில இது எப்படிப் புரியும்? இத்தனைக்கும் எங்க ஊர் பகடைக்குப் பேர் போனது. அறுபத்து மூவர்ல ஒருத்தரான மூர்க்க நாயனார் திருவேற்காட்டுக்காரர். அடியாருக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் கரைஞ்சு, அப்புறம் சூதாடி சம்பாதிச்சு சோறு போட்டவர். முதல் ஆட்டத்துல தோத்து, பந்தயத்தை ஏத்தி, அப்புறம் ஜெயிப்பாராம். அவருக்குப் புரிஞ்சிருக்கும், எங்களுக்குப் புரியலை.

இதெல்லாம் வெறும் கேம் விஷயம் இல்லைங்க. காலேஜ்லயும் சரி, இப்ப ஆணி புடுங்குற ஆபீஸ்லயும் சரி, இங்கிலீஷ்ல வேலை பார்க்க வந்துடுச்சு, மெயில் எழுத வந்துடுச்சு. ஜோக் மட்டும் வரலை. கால்ல யாராவது ஜோக் அடிச்சா, எல்லாரும் சிரிச்சு ஒரு செகண்ட் கழிச்சுச் சிரிக்கிற ஆள் நான். உங்கள்லயும் சில பேர் இருப்பீங்க. அந்த ஒரு செகண்ட் எவ்ளோ நீளம்னு தெரியும்.

போன மாசம் 2009-ல வந்த மங்கி ஐலண்ட் ஸ்பெஷல் எடிஷனை இறக்கினேன். படமெல்லாம் புதுசு, ஒரு கீயைத் தட்டினா பழைய கட்டம் கட்டமான படம் வந்துடும். பக்கத்துல ஏழாவது படிக்கிற பொண்ணு. நோட்டு எல்லாம் எடுக்கலை. ஸ்வார்ட் மாஸ்டர் அந்தக் கறக்குற வசவை விட்டாங்க. நாலு பதில் திரையில நிக்குது. பொண்ணு படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "என்னப்பா, என்னப்பா?"ங்குறா. அப்புறம்தான் அவ சிரிச்சா. உள்ளே தங்கமணி, "ராத்திரி பதினோரு மணிக்கு என்ன கூத்து இது?"ன்னு கேட்டாங்க. விளக்கம் எல்லாம் சொல்லலை.

அடுத்த வாரம் பொண்ணே ஒரு கேம் காட்டினா. 'வெண்பா'. கனடாவுல இருக்குற விசை கேம்ஸ் 2023-ல வெளியிட்டது. 1980-கள்ல கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிஞ்சு, அழிஞ்சு கிடக்கும். விட்டுப்போன செய்முறையை நாமதான் ஊகிக்கணும். 2024-ல பாஃப்டாவுல சிறந்த அறிமுக விளையாட்டு விருது வாங்கியிருக்கு. இட்லிப் பானையில தட்டை எப்படி அடுக்கணும்னு உலகம் பூரா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கான். புல்லிக்கு நாங்க முழிச்ச மாதிரியேதான்!

பழைய கேமைத் திரும்ப ஆடினா பழைய சந்தோஷம் வருமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. எனக்கு வந்தது பழசு இல்லை. 1999-ல அந்த ஜோக்குக்கு நான் சிரிக்கவே இல்லையே. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியும் அது அங்கேயே காத்துக்கிட்டிருந்துச்சு, மீட்டர் ஓடாம. வீட்டுல ஏதாவது கேமைப் பாதியில விட்டிருந்தீங்கன்னா, ஒருதரம் திறந்து பாருங்க மக்களே.

எனக்கு அடுத்து பால்டர்ஸ் கேட். இந்தத் தடவை கையேட்டோட.