கை மாறும் இடத்தில்

நீதிமன்றத்தில் தோற்ற வழக்குகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சாட்சி பிறழ்ந்தது, சமரசம் பேசி வாயை அடைத்தது, அரசு வழக்கறிஞர் அக்கறை காட்டாதது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைகள். நம் குழந்தைகளின் வழக்குகள் அதற்கு ரொம்ப முன்னாலேயே, யாரும் தோற்கடிக்காமலே தோற்றுப்போகும் ஓர் இடம் இருக்கிறது. விசாரித்தவர் கையிலிருந்து, இனிமேல் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் கைக்கு வழக்கு மாறுகிற இடம்தான் அது. அந்த ஒப்படைப்பு பெரும்பாலும் ஒரு கோப்பும் ஒரு கையெழுத்துமாக முடிந்துவிடுகிறது.

வரதராஜன்பேட்டையைச் சுற்றி முந்திரிக்காடு. ஆண்டிமடம் வட்டத்தில் கூலிக்காரக் குடும்பங்களின் வருஷக் கணக்கே முந்திரிப் பருவத்தை வைத்துத்தான். அந்தப் பக்கத்துக் காலனி ஒன்றில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் வழக்கோடு நான் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஊரைச் சொல்ல மாட்டேன், தெருவைச் சொல்ல மாட்டேன், சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. முகநூலில் கொதித்து எழுதும் தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நீதி வேண்டும்" என்று போட்டு, கூடவே பள்ளிக்கூடத்தின் பெயரையும் போட்டால் முடிந்தது. எந்த நிலையம், எந்த அலுவலகம் என்றும் இங்கே எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு நாற்காலியைத்தான் திட்டுவோம். நான் பார்த்தவரை இது எல்லா நாற்காலிக்கும் பொதுவான பழக்கம்.

அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். பிள்ளையை வளர்ப்பது ஆயா. புகார் கொடுத்த அன்று வந்த பெண் உதவி ஆய்வாளர் சீருடை இல்லாமல் வந்தார், வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கினார். சட்டம் சொல்வதே அதுதான். ஆனால் சட்டம் சொல்கிறபடி ஒருவர் நடந்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது, அந்த லட்சணத்தில்தான் நாம் இருக்கிறோம். நான்கு நாட்களில் அந்த அதிகாரிக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி நிறையத் தெரிந்துவிட்டது. ஆம்பிளை யாராவது உட்கார்ந்திருந்தால் அவள் வாய் திறக்க மாட்டாள். இரவில் ஆயா வீட்டில் தூங்காமல் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் குற்றம் சாட்டப்பட்டவனின் வீடு. ஆயா கூலிக்குப் போகிற முந்திரித் தோப்பு அவனுடைய சித்தப்பாவினுடையது.

இதில் ஒரு வரிகூடக் கோப்பில் இல்லை. கோப்பில் இருந்தது முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று, நீதித்துறை நடுவர் முன் கொடுத்த வாக்குமூலத்தின் விவரம். குற்றத்தைப் பற்றிய தாள்கள் எல்லாம் இருந்தன. குழந்தையைப் பற்றிய தாள் ஒன்றும் இல்லை. விசாரணை அதிகாரியின் வேலை குற்றத்தை நிரூபிப்பது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் தலைக்குள் இருந்தது அவருடைய இடமாறுதலோடு சேர்ந்து போய்விட்டது.

அதற்கு நடுவில் இன்னொரு கை மாறியது. முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் இருந்தன. அப்படியானால் 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். டி.எஸ்.பி. வந்தார், மறுபடியும் முதலிலிருந்து கேட்டார், சாதிச் சான்றிதழ் கேட்டார். சான்றிதழில் கிறித்தவ ஆதிதிராவிடர் என்று இருந்தது, அதாவது பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். வன்கொடுமைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. வழக்கு திரும்ப இன்ஸ்பெக்டர் கைக்கு வந்தது. தெருவைப் பார்த்துப் பிரிவைப் போட்டார்கள், தாளைப் பார்த்து எடுத்தார்கள்.

இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி பட்டியல் சாதி என்பதை மதத்தோடு கட்டிவைத்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்துகள் இன்றும் வெளியில்தான். தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது. ஒரே காலனியில் அக்கா வீட்டுப் பிள்ளைக்கு வன்கொடுமைச் சட்டம் உண்டு, தங்கை வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்று பார்த்தா அடிக்கிறான்?

பிரிவுகள் நீங்கியதை யாரும் ஆயாவுக்குச் சொல்லவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் நிவாரணத் தொகை தவணை தவணையாக வரும் என்று யாரோ முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆயா அதை நம்பி வட்டிக்கு வாங்கி, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். "காசு வருமாம்ல, எப்பம்மா வரும்?" என்று என்னிடம் கேட்ட போதுதான் விஷயமே தெரிந்தது. பிரிவு மாறினால் குடும்பத்தின் வரவு செலவே மாறுகிறது. அடுத்துப் பொறுப்பேற்கிறவருக்கு முதல் வரியாகச் சொல்ல வேண்டிய செய்தி அது.

சரி, அடுத்துப் பொறுப்பேற்பவர் யார்? வெளிநாடுகளில் வழக்கு மேலாளர் என்றே ஒரு பதவி இருக்கிறது. விசாரித்தவர் அவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகுவார். நம்மிடம் அந்தப் பெயரில் ஆள் இல்லை. அந்த வேலை ஐந்தாறு பேரிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. போக்சோ வழக்கு என்றால் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று குழுவின் முன் வந்தால், சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும், இறுதி ஆணை நான்கு மாதத்துக்குள். அதன்பின் தனிநபர் பராமரிப்புத் திட்டம். இதையெல்லாம் நடத்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர், புறத்தொடர்புப் பணியாளர் இருக்கிறார்கள். பெரும்பாலும் தொகுப்பூதியம், ஒப்பந்தம். வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போக வேண்டியதுதான். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. போகும்போது கையிலிருந்த பிள்ளைகளை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பிள்ளைக்கு முதலில் வந்த ஆதரவு நபர் நல்லவர்தான். ஆனால் அவரிடம் வந்து சேர்ந்தது இரண்டு பக்கக் கடிதம். அதனால் முதல் சந்திப்பில், "என்ன நடந்ததுன்னு சொல்லும்மா" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். அந்தப் பிள்ளை விரல் விட்டு எண்ணினாள். போலீஸ் அக்கா, டாக்டர், ஜட்ஜ், குழு, டி.எஸ்.பி., கவுன்சலிங் மேடம், இப்ப நீங்க. ஏழு. நம் குழந்தைகளுக்கு இந்த ஏழுக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். காலனி என்றதும் கேட்கிறவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். எல்லோர் முகத்திலும் வராது, ஆனால் வருகிறதா என்று பிள்ளை ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு புது ஆளும் அவளுக்கு ஒரு பரீட்சைதான், அதில் அவள் பரீட்சை எழுதுகிறாளா திருத்துகிறாளா என்பது வேறு விஷயம்.

எட்டு மாதத்தில் அந்த ஆதரவு நபர் வேலையை விட்டார். அடுத்தவர் வந்த விதம்தான் நான் இதை எழுதக் காரணம். விலகுகிறவர் தன் கடைசி வாரத்தில், விடுமுறை நாளில், புதியவரையும் கூட்டிக்கொண்டு காலனிக்கு வந்தார். எந்த விதியிலும் அப்படி வரச் சொல்லியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை, அவராகச் செய்தார். பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டு புதியவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், நடந்த சம்பவத்தை மட்டும் விட்டுவிட்டு. ராத்திரி எங்கே தூங்குகிறாள், எந்த டீச்சரிடம் பேசுவாள், எந்த பஸ்ஸில் ஏற மாட்டாள், ஆயாவுக்கு எந்தத் தோப்பில் கூலி, யார் சமரசத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். நடுவில் பிள்ளையே, "டீச்சர் மாறிட்டாங்கக்கா, இப்ப வேற டீச்சர்" என்று திருத்தினாள். ஆயா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கையில புடிச்சிக் குடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

புதியவர் அன்றைக்குச் சம்பவத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வருமானம் கேட்டார். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகாத குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, அதற்கு விண்ணப்பம் போட்டார். கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு என்று சொல்லிப் பள்ளியில் கேட்க வைத்தார். வன்கொடுமை நிவாரணம் இல்லாவிட்டாலும் போக்சோ விதிகளில் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம், அதற்கு மனு போடச் சொன்னார். உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்குக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று 2020 விதிகளிலேயே இருக்கிறது. இவ்வளவும் முதல் நாளிலிருந்தே இருந்த உரிமைகள். கேட்கிற ஆள் முதலிலிருந்து கதை கேட்டுக்கொண்டிருந்ததால் இதற்கு நேரமில்லாமல் போயிருந்தது.

இன்னொரு வகை ஒப்படைப்பும் இருக்கிறது, அதில் வாங்கிக்கொள்ள ஆளே கிடையாது. குழந்தைத் திருமணம். 1098-க்கு யாரோ கூப்பிடுகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள், மறுநாள் "திருமணம் தடுத்து நிறுத்தம்" என்று செய்தி. குழந்தைத் திருமணத் தடை அலுவலர் மாவட்ட சமூகநல அலுவலர், அது ஒரு துறை. குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேறு. பள்ளிக்கல்வி இன்னொன்று. மூன்றுக்கும் நடுவில் அந்தப் பெண் அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாளா என்று பார்ப்பது யார்? மூன்று மாதம் கழித்து வேறு மாவட்டத்துக் கோயிலில் தாலி ஏறிவிடும். பதிவேட்டில் அது தடுக்கப்பட்ட திருமணமாகவே இருக்கும்.

1098 என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகத் தொடங்கியது சைல்டுலைன். பிறகு நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்தது. 2023-இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு 112-உடன் இணைத்தது. அரசு பொறுப்பேற்பது சரிதான், குழந்தையின் பாதுகாப்பு யாருடைய தருமமும் இல்லை. ஆனால் அதுவும் ஓர் ஒப்படைப்பு. எந்தக் காலனியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினால் உண்மை வரும் என்று தெரிந்த களப்பணியாளர்களின் அனுபவம் கணினியில் ஏறாது.

இது நம் ஊரின் குறை மட்டுமில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, ஐவரி கோஸ்டிலிருந்து வந்த கறுப்பினக் குழந்தை, உறவினர் சித்திரவதையில் இறந்தாள். சமூகப் பணித் துறைகள், மருத்துவமனைகள், காவல்துறை எல்லோருக்கும் அவளைத் தெரியும். காப்பாற்ற 12 வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று லார்டு லேமிங் விசாரணை 2003-இல் சொன்னது. அவள் இறந்த அதே நாளில்தான் உள்ளூர் சமூகப் பணித் துறை அவள் கோப்பை முடித்துவைத்தது.

மாணவத் தோழர்கள் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறீர்கள், சந்தோஷம். ஆர்ப்பாட்டம் முடிந்த மூன்றாவது மாதம் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போங்கள். ஆதரவு நபர் நியமிக்கப்பட்டாரா, அது 24 மணி நேரத்துக்குள் சிறப்பு நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். விசாரணை முடியும்வரை ஆதரவு நபரிடம் குழு மாதாமாதம் அறிக்கை கேட்க வேண்டும். அவர் பிடிக்கவில்லையென்றால் மாற்றச் சொல்லிக் குழந்தை கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு விதியை நான் சொன்னபோது அந்தப் பிள்ளை, "நெசமாவாக்கா? காரணம் கேக்க மாட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. கேட்கலாம் என்பது தெரிந்ததே போதுமாக இருந்தது.

கிராம அளவிலும் பேரூராட்சி வார்டு அளவிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் இருக்க வேண்டும். வரதராஜன்பேட்டை பேரூராட்சி, ஆகவே அங்கே வார்டுக் குழு. சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராமக் குழு. தலைவர் யார் என்று பாருங்கள், பல இடங்களில் தோப்புக்காரரின் பங்காளியாக இருப்பார். அதற்காகக் குழுவே வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். காலனிப் பெண்கள் இரண்டு பேர் அதில் உட்கார்ந்தாலே பேசுகிற பேச்சு மாறுகிறது.

அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். நிதி ஆதரவு வருகிறது, நடுவில் இரண்டு மாதம் நின்று மறுபடி வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு வருஷத்தில் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதாக வந்த ஆதரவு நபர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், ஆனால் அவருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் வருகிறது. அடுத்த வாய்தா ஆனி கடைசியில். ஆயா இப்போது வேறு தோப்புக்குப் போகிறார். அதற்குள் முந்திரிப் பருவம் முடிந்திருக்கும், அன்றைக்கு அரியலூர் போனாலும் கூலி போகாது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.