இருமினதும் சோக்கைத் திறக்கணும்

போன வாரம் நெல்லுல இலைச்சுருட்டுப் புழு. காத்து எழும்புறதுக்குள்ள அடிச்சு முடிச்சிடணும்னு காலையில ஆறரைக்கே பக்கெட்டுல மருந்தைக் கலக்கி வச்சாச்சு. முதுகுல மாட்டுற பவர் ஸ்பிரேயர், டூ ஸ்ட்ரோக். கயிறை இழுத்தேன். மூணாவது இழுப்புல 'டுப்'னு ஒரு இருமல், அவ்வளவுதான். அப்புறம் முப்பது தடவையாவது இழுத்திருப்பேன். தோள்பட்டை விட்டுப்போச்சு. "ஆயில் அதிகமா ஊத்திட்டியாடா?"ன்னு பையனைக் கத்தினேன். அவன் ஒண்ணும் பேசாம வரப்புல போய் உக்காந்துட்டான்.

மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, இருமினதும் சோக்கைத் திறந்தீங்களா?"ன்னு ஒரே கேள்வி. திறக்கல.

விஷயம் இதுதான். சோக்கை மூடினா காத்து குறைஞ்சு பெட்ரோல் அதிகமாப் போகும். குளிர்ந்த இன்ஜினுக்கு அது வேணும். இருமினதுக்கு அப்புறமும் மூடியே இழுத்தா, இழுக்க இழுக்க பெட்ரோல் சேர்ந்து பிளக் நனைஞ்சிடும், பொறி சரியா விழாது. டூ ஸ்ட்ரோக்குல பெட்ரோல் கிராங்க் அறை வழியாத்தான் மேலே போகுது. அங்கே தேங்கினது லேசுல வெளியேறாது.

தம்பி சொன்னபடி சுவிட்சை அணைச்சு, பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழட்டினேன். மருந்து டேங்கு காலியா இருந்ததால, பிளக் ஓட்டை கீழே பாக்குற மாதிரி மிஷினைச் சாய்ச்சு பத்து தடவை இழுக்க முடிஞ்சது. பெட்ரோல் தெறிச்சுச்சு. அந்த நேரம் பக்கத்துல பீடி, நெருப்பு இருக்கவே கூடாது. பிளக்கைத் துடைச்சுக் காயவச்சு மாட்டி, டேப்பையும் சோக்கையும் திறந்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசா வச்சு இழுத்தேன். நாலாவது இழுப்புல புகையோட ஸ்டார்ட் ஆச்சு. உடனே ஆக்சிலேட்டரைக் குறைச்சேன்.

ஆனா பாதி வயல் முடியறதுக்குள்ள காத்து எழும்பிடுச்சு. மிச்சம் கலக்கின மருந்து வீண்.

இப்போ என் வழக்கம் இது. குளிர்ந்த இன்ஜின்னா சோக்கை மூடி இழுக்கிறது, இருமினதும் திறக்கிறது. அஞ்சு இழுப்புல இருமலேன்னாலும் திறந்துடுவேன். சூடா இருந்தா சோக்கே வேண்டாம். வேலை முடிஞ்சதும் டேப்பை மூடி, கார்புரேட்டர்ல இருக்கிற பெட்ரோல் தீர்ந்து தானா நிக்கட்டும்னு விட்டுடுறேன். ராத்திரியில கசிஞ்சு உள்ளே இறங்காது.

சாயங்காலம் பையன்கிட்ட, "நீ ஆயில் சரியாத்தான்டா ஊத்தியிருந்தே"ன்னு சொன்னேன். லேசா சிரிச்சான். மறுநாள் அவனே கயிறை இழுத்தான். இருமினதும், நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவன் கை சோக்குக்குப் போயிடுச்சு.